பேட்ச் கலனில் கனவளவு எவ்வளவு மாறும்? மலைநாட்டில் தொடங்குவோருக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்து முடித்து, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு சின்ன சவர்க்காரத் தொழிற்சாலையில், வினாகிரி செய்யும் இடத்தில், துப்புரவுத் திரவம் கலக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேராதனையில் பொறியியல் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் உதவும். பேட்ச் கலன் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டு, கலக்கி, தேவையானால் சூடாக்கி, தாக்கம் முடிந்ததும் வெளியே எடுக்கும் பாத்திரம், அவ்வளவுதான். இடையில் குழாய் வழியாக எதுவும் வந்துகொண்டோ போய்க்கொண்டோ இருக்காது.

அதில் நாம் ஊற்றிய லீற்றரும் கடைசியில் நிற்கும் லீற்றரும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சில நேரம் வித்தியாசம் அற்பம். சில நேரம் டாங்கி வழிந்து தரை முழுக்க ஓடும். மூடிய கலனாக இருந்தால் வழிவதற்குப் பதிலாக அமுக்கம் ஏறும், அது இன்னும் மோசம். செறிவை வைத்துத் தாக்க வேகத்தைக் கணிக்கிறவர்களுக்கோ, கனவளவு மாறுவதைக் கவனிக்காவிட்டால் கணக்கு முழுவதுமே பிழைத்துவிடும்.

கனவளவை மாற்றுபவை நான்கு: சூடு, கலத்தல், தாக்கம், அப்புறம் உள்ளே வந்ததும் வெளியே போனதும். நான்கையும் ஒரே நேரத்தில் பார்க்கப் போனால் தலை சுற்றும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு வரிக் கணக்கு.

லீற்றரை விடுங்கள், கிலோவைப் பிடியுங்கள்

கலனுக்குள் என்ன நடந்தாலும் மொத்தத் திணிவு மாறாது. வெளியே ஏதும் போயிருந்தால் மட்டும் அதைக் கழிக்க வேண்டும். ஆகவே திரவங்களுக்கு எப்போதும் இந்த ஒழுங்கில் போங்கள்: போடுகிற எல்லாவற்றையும் நிறுத்து எழுதுங்கள். ஆவியாகவோ வாயுவாகவோ வெளியேறியதைக் கழியுங்கள். மிஞ்சியதை, அந்த நேரத்து வெப்பநிலையில் அந்தக் கலவைக்குரிய அடர்த்தியால் வகுங்கள்.

கனவளவு = (போட்ட திணிவு − வெளியேறிய திணிவு) ÷ அந்த வெப்பநிலையில் அடர்த்தி

கனவளவு எப்போதும் கடைசி விடை. அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக் கூட்டிக் கழிக்கத் தொடங்கினால்தான் சிக்கல். இது எவ்வளவு உண்மை என்பதற்கு நுவரெலியாவில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் போதும். சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். அங்கே வருடத்தில் பெரும்பகுதி அது வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கிறது. உறையும்போது சுருங்கியும் விடுகிறது. அந்தக் கட்டியை அளவுச்சாடியில் எப்படி அளப்பீர்கள்? தராசில் வைத்தால் உறைந்தாலும் உருகினாலும் எண் ஒன்றுதான்.

ஆகவே தொழில் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல தராசு. இரண்டாவது வெப்பமானி. அளவு குறித்த வாளிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

சூட்டினால் வரும் மாற்றம்

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். அதன் அடர்த்தி லீற்றருக்கு 20 பாகையில் 0.9982 கிலோ, 60 பாகையில் 0.9832, 80 பாகையில் 0.9718, 90 பாகையில் 0.9653. இந்த நான்கு எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கலனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இப்போது 400 கிலோ தண்ணீர். 20 பாகையில் அது 400 ÷ 0.9982 = 400.7 லீற்றர். அதையே 90 பாகைக்குச் சூடாக்கினால் 400 ÷ 0.9653 = 414.4 லீற்றர். கிட்டத்தட்ட 13.7 லீற்றர் கூடிவிட்டது. ஒரு சொட்டுக்கூட நாம் சேர்க்கவில்லை.

இந்த 13.7 லீற்றர் டாங்கியில் எவ்வளவு உயரம்? 80 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நேர் உருளை டாங்கி என்றால், குறுக்குப் பரப்பு 3.1416 × 40 × 40 = 5027 சதுர சென்ரிமீற்றர். அதாவது ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய 5 லீற்றர். ஆகவே மட்டம் 2.7 சென்ரிமீற்றர் ஏறும். உங்கள் டாங்கிக்கு இந்த ஒரு எண்ணை, சென்ரிமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்பதை, முதல் நாளே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடி வளைந்த டாங்கிக்கு இது சரிவராது. அதற்கு ஒவ்வொரு 10 கிலோ தண்ணீராக ஊற்றி, அளவுக்கோலில் குறி போட்டுக்கொள்வதுதான் வழி.

தண்ணீர் பரவாயில்லை, மற்றத் திரவங்கள் இன்னும் தாராளமாக விரியும். தாவர எண்ணெய்கள் பாகைக்கு ஏறக்குறைய 0.0007 பங்கு, எதனோல் பாகைக்கு ஏறக்குறைய 0.0011 பங்கு விரியும். அடர்த்தி அட்டவணை கையில் இல்லாதபோது இந்தச் சூத்திரம் போதும்:

புதிய கனவளவு = பழைய கனவளவு × (1 + விரிவுக் குணகம் × வெப்பநிலை வித்தியாசம்)

100 லீற்றர் எண்ணெயை 25 பாகையிலிருந்து 65 பாகைக்குக் கொண்டுபோனால் 100 × 0.0007 × 40 = 2.8 லீற்றர் கூடும்.

இது திரும்பியும் வேலை செய்யும். கொழும்பில் 30 பாகையில் 200 லீற்றர் எதனோல் நிரப்பிய பீப்பாய், லொறியில் ஏறி நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு வந்து, காலைக் குளிரில் 12 பாகைக்கு இறங்கினால் 200 × 0.0011 × 18, அதாவது ஏறக்குறைய 4 லீற்றர் குறைவாகக் காட்டும். லொறிக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம். பீப்பாயை நிறுத்துப் பாருங்கள், கிலோ அப்படியே இருக்கும். வாங்குவது விற்பது இரண்டையும் கிலோக் கணக்கில் வைத்துக்கொண்டால் இந்தச் சண்டையே வராது.

கலக்கும்போது ஒன்றும் ஒன்றும் இரண்டாகாது

50 மில்லிலீற்றர் தண்ணீரையும் 50 மில்லிலீற்றர் தூய எதனோலையும் 20 பாகையில் கலந்தால் 100 வராது, 96.5 தான் வரும். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நிறுத்துப் போட்டால் தானாக வரும். எதனோல் 50 × 0.789 = 39.5 கிராம். தண்ணீர் 49.9 கிராம். மொத்தம் 89.4 கிராம். அதில் எதனோல் திணிவுப்படி 44 சதவீதம். 44 சதவீத எதனோல் கரைசலின் அடர்த்தியை அட்டவணையில் பார்த்தால் ஏறக்குறைய 0.9265. 89.4 ÷ 0.9265 = 96.5. தண்ணீர் மூலக்கூறுகளும் எதனோல் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று இழுத்து நெருங்கி உட்காருவதால் வந்த குறைவு அது.

சவர்க்காரம் செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான உதாரணம் கோஸ்டிக் சோடா. 80 கிலோ தண்ணீரில் 20 கிலோ கோஸ்டிக் சோடாவைக் கரைத்து 20 சதவீதக் கரைசல் செய்கிறீர்கள். திண்மத்தின் அடர்த்தி 2.13. ஆகவே 20 கிலோ என்றால் 9.4 லீற்றர் இடம் பிடிக்கும் என்று நினைப்போம். தண்ணீர் 80.1 லீற்றர், கூட்டினால் 89.5. ஆனால் 20 சதவீதக் கரைசலின் அடர்த்தி 20 பாகையில் 1.219. 100 ÷ 1.219 = 82 லீற்றர். அதாவது 20 கிலோ போட்டும் மட்டம் 2 லீற்றர் அளவுக்குத்தான் ஏறும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கரையும்போது கரைசல் பயங்கரமாகச் சூடாகும், கரைத்த உடனே அளந்தால் 82க்கு மேல் காட்டும். ஆறிய பிறகுதான் 82க்கு வரும். சூடாக இருக்கும்போதே ‘குறியை’ நிரப்பத் தண்ணீரை விட்டால், ஆறியதும் செறிவு வேறாகிவிடும். இன்னொன்று, இது கணக்கில்லாத விடயம் என்றாலும் சொல்லாமல் விட முடியாது: எப்போதும் தண்ணீருக்குள் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அது சோடாவுடன் தாக்கமடைந்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும்.

தாக்கமே கனவளவை மாற்றும்போது (திரவங்கள்)

திரவத் தாக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘கனவளவு மாறாது’ என்று எடுத்துக்கொள்ளலாம் என்று புத்தகங்கள் சொல்லும். அதைக் கண்ணை மூடி ஏற்காமல் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். எண்ணெயையும் மெதனோலையும் சேர்த்து உயிர்டீசல் செய்வதை எடுக்கலாம். 885 கிராம் எண்ணெய் (ஒலெயிக் அமிலக் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம், அடர்த்தி 0.91), 96 கிராம் மெதனோல் (0.792). இரண்டும் தனித்தனியே 973, 121 மில்லிலீற்றர், மொத்தம் 1094. விளைவது 889 கிராம் எஸ்டர் (0.874), 92 கிராம் கிளிசரோல் (1.26). அவை 1017, 73, மொத்தம் 1090. ஒரு சதவீதம்கூட மாறவில்லை. இப்படிப்பட்ட தாக்கத்துக்கு சூட்டு விரிவை மட்டும் பார்த்தால் போதும்.

சின்ன மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகச் சேரும் பல்பகுதியாக்கம் அப்படியல்ல. ஸ்டைரீனின் அடர்த்தி 0.906, அதிலிருந்து வரும் பொலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05. 0.906 ÷ 1.05 = 0.863. முழுவதும் மாறினால் ஏறக்குறைய 14 சதவீதம் சுருங்கும். மெதைல் மெதக்ரிலேற்றில் இன்னும் கூட, சுமார் 20 சதவீதம். இந்தச் சுருக்கத்தையே அளவுகோலாக்கி, மெல்லிய குழாயில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துத் தாக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கருவியும் உண்டு. ஸ்டைரீனில் கனவளவு 7 சதவீதம் குறைந்திருந்தால் 7 ÷ 14, பாதி மாறிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நொதித்தல். வினாகிரி செய்வதன் முதல் கட்டம் அதுதான்: சீனி எதனோலாக மாற வேண்டும். (எதனோலில் நிறுத்திக்கொள்ள நினைக்கிறவர்கள் முதலில் மதுவரித் திணைக்களத்துப் பக்கம் போய்வர வேண்டும்.) 180 கிராம் குளுக்கோசு 92 கிராம் எதனோலாகவும் 88 கிராம் காபனீரொட்சைட்டாகவும் பிரியும். 15 கிலோ குளுக்கோசு உள்ள 100 கிலோ கரைசலை எடுங்கள். அடர்த்தி ஏறக்குறைய 1.06, ஆகவே 94.3 லீற்றர். முழுவதும் நொதித்தால் 7.3 கிலோ வாயு வெளியே போய்விடும். மிஞ்சுவது 92.7 கிலோ. அதில் எதனோல் 7.7 கிலோ, சுமார் 8.3 சதவீதம். அந்தக் கரைசலின் அடர்த்தி 0.984. 92.7 ÷ 0.984 = 94.2 லீற்றர்.

ஏழு கிலோவுக்கு மேல் பறந்துபோயும் மட்டம் அசையவில்லை! திணிவும் அடர்த்தியும் ஒரே அளவுக்கு இறங்கியதால் வந்த விடை. மட்டத்தைப் பார்த்து ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள். நடந்ததா என்று பார்க்க, அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீற்றரை மிதக்க விட வேண்டும், அல்லது பாத்திரத்தோடு சேர்த்துத் தராசில் ஏற்ற வேண்டும். இது முழுமையாக நொதித்தால் வரும் எல்லைக் கணக்கு. ஈஸ்ட் தன் பங்குக்குக் கொஞ்சம் சீனியைத் தானே எடுத்துக்கொள்ளும், ஆகவே நடைமுறையில் எதனோல் இதைவிடச் சற்றுக் குறையும்.

பறந்துபோன அந்த 7.3 கிலோ வாயுவுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இங்கேதான் மலை குறுக்கே வருகிறது.

வாயு: உங்கள் ஊரின் அமுக்கம் என்ன?

வாயுக்களுக்குத் திணிவைவிட மூல் வசதி. இலட்சிய வாயுச் சமன்பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான்:

கனவளவு = மூல் எண்ணிக்கை × 8.314 × கெல்வின் வெப்பநிலை ÷ அமுக்கம்

அமுக்கத்தைக் கிலோபஸ்காலில் போட்டால் விடை லீற்றரில் வரும். பிள்ளைகள் பிழை விடும் இடம் அந்த அமுக்கம்தான். பழக்கதோஷத்தில் 101.3 என்று போட்டுவிடுவார்கள். அது கடல் மட்டத்துக்கு. 1868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் சுமார் 81 கிலோபஸ்கால்தான். ஹட்டன் உயரத்தில் சுமார் 87, பதுளையில் 93க்குக் கிட்ட, கண்டியில் 95 அல்லது 96. கணக்குப் போட நேரமில்லாவிட்டால் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 1.1 கிலோபஸ்கால் குறைத்துக்கொள்ளுங்கள், நம் மலைகளுக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. வானிலை அறிக்கையில் வரும் 1010 ஹெக்டோபஸ்கால் போன்ற எண்ணை எடுத்துப் போடாதீர்கள். ஊர்களை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அதைக் கடல் மட்டத்துக்குத் திருத்தித்தான் வெளியிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை திருத்தாத, நிற்கும் இடத்து அமுக்கம். சில கைத்தொலைபேசிகளில் அமுக்க உணரி இருக்கிறது, அது நேரடியாகக் காட்டும் எண் சரி.

இப்போது ஒரு மூல் வாயு. கொழும்பில் 30 பாகையில், 8.314 × 303 ÷ 101.3 = 24.9 லீற்றர். நுவரெலியாவில் 20 பாகையில், 8.314 × 293 ÷ 81 = 30.1 லீற்றர். குளிர்ந்த ஊரில் வாயு சுருங்கும் என்று நினைப்போம். ஆனால் குளிர் சுருக்குவதைவிட உயரம் விரிப்பதுதான் அதிகம். நொதித்தலில் போன 7.3 கிலோ காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 166 மூல். அது கொழும்பில் சுமார் 4.1 கன மீற்றர், நுவரெலியாவில் 5 கன மீற்றர். குளிருக்காக ஜன்னலை எல்லாம் சாத்திவைக்கும் சின்ன அறையில் இது விளையாட்டில்லை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் நொதிக்கும் டாங்கியை வைக்கவே வைக்காதீர்கள்.

பாடசாலை ஆய்வுகூடத்திலும் இதைக் காணலாம். 0.243 கிராம் மக்னீசியம் நாடாவை ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் 0.01 மூல் ஐதரசன் வரும். புத்தகத்தின் 22.4 லீற்றரை வைத்துப் பார்க்கும் பிள்ளை 224 மில்லிலீற்றரை எதிர்பார்க்கும். நுவரெலியாவில் தண்ணீரின் மேல் சேகரித்தால் வருவது சுமார் 310. ஆய்வு பிழையில்லை. 20 பாகையில் நீரின் நிரம்பலாவி அமுக்கம் 2.3 கிலோபஸ்கால், அதைக் கழித்தால் ஐதரசனின் பங்கு 78.7. 0.01 × 8.314 × 293 ÷ 78.7 = 0.310 லீற்றர். அந்த 22.4 என்பது 0 பாகைக்கும் கடல் மட்ட அமுக்கத்துக்கும் உரியது. அந்த இரண்டில் ஒன்றும் நுவரெலியாவில் இல்லை.

வாயுத் தாக்கம்: முதலில் கலனைப் பாருங்கள்

வாயுக்கள் தாக்கமடையும்போது மூல் எண்ணிக்கை கூடலாம், குறையலாம். அது கனவளவாகத் தெரியுமா, அமுக்கமாகத் தெரியுமா என்பதைக் கலன்தான் தீர்மானிக்கும். தடித்த உருக்குச் சுவருள்ள மூடிய கலனில் வாயுவின் கனவளவு மாற வழியே இல்லை, கலனின் கனவளவே வாயுவின் கனவளவு. மாறுவது அமுக்கம். பிஸ்டன் போல நகரும் மூடி இருந்தாலோ வாயுவைப் பலூனில் பிடித்தாலோ அமுக்கம் நிலையாக நின்று கனவளவு மாறும். பல மாணவர்கள் கீழே வரும் விரிவுச் சூத்திரத்தை மூடிய உருக்குக் கலனுக்குப் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். சூத்திரத்தைத் தொடுமுன் கலனைப் பாருங்கள்.

எதனல் (எதனோல் அல்ல, அசற்றல்டிகைட்டு) ஆவி சூட்டில் மெதேனாகவும் காபனோரொட்சைட்டாகவும் பிரிகிறது. ஒரு மூல் போனால் இரண்டு மூல் வரும். கலனில் 60 சதவீதம் எதனல், 40 சதவீதம் நைதரசன் என்று வைத்துக்கொள்வோம். நைதரசன் சும்மா நிற்கும், ஆனால் இடம் பிடிக்கும்.

விரிவுக் காரணி = தாக்குபொருளின் தொடக்க மூல் பங்கு × ஒரு மூல் தாக்குபொருளுக்கு மொத்த மூலில் வரும் மாற்றம்

இங்கே 0.6 × (2 − 1) = 0.6. பாதி எதனல் மாறியிருந்தால் மொத்த மூல் 1 + 0.6 × 0.5 = 1.3 மடங்கு. அமோனியா ஆக்கத்தில் இதற்கு நேர்மாறு. ஒரு நைதரசனும் மூன்று ஐதரசனும் சேர்ந்து இரண்டு அமோனியா. நைதரசனின் பங்கு 0.25, மாற்றம் −2, காரணி −0.5. நைதரசனில் 40 சதவீதம் மாறினால் 1 − 0.5 × 0.4 = 0.8 மடங்கு.

முழுச் சூத்திரம் இது:

புதிய கனவளவு = பழைய கனவளவு × (1 + விரிவுக் காரணி × மாறிய பங்கு) × (புதிய கெல்வின் வெப்பநிலை ÷ பழையது) × (பழைய அமுக்கம் ÷ புதியது)

மூடிய உருக்குக் கலன் என்றால் இரண்டு கனவளவும் ஒன்று. அப்போது இதே வரி புதிய அமுக்கத்தைத் தரும். எதனல் உதாரணத்தை நுவரெலியாவில் செய்வதாக வைத்து, 20 பாகையில் 81 கிலோபஸ்காலில் கலனை நிரப்பி மூடி, 518 பாகைக்குச் சூடாக்குகிறோம். சூட்டுக்கு மட்டும் 81 × 791 ÷ 293 = 219. தாக்கம் பாதி நடந்தால் இன்னும் 1.3 மடங்கு, 284 கிலோபஸ்கால். சூடு எவ்வளவு ஏற்றிவிட்டது, தாக்கம் எவ்வளவு ஏற்றியது என்று பிரித்துப் பாருங்கள். அமுக்கம் ஏறியதெல்லாம் தாக்கத்தால் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்று தெரியும்.

மானியில் 284 தெரியாது. சாதாரண மானி வெளிக்காற்றைவிட எவ்வளவு கூட என்பதைத்தான் காட்டும், ஆகவே 284 − 81 = 203. மானி காட்டியதோடு எப்போதும் உங்கள் ஊர் அமுக்கத்தைக் கூட்டிய பிறகே சமன்பாட்டில் போடுங்கள். 101ஐக் கூட்டினால் 304 என்று வரும், தாக்கம் நடந்ததை அளவுக்கு மீறிக் கணித்துவிடுவீர்கள்.

இதெல்லாம் இலட்சிய வாயுவுக்கு. சில பார் (ஒரு பார் என்பது 100 கிலோபஸ்கால்) அமுக்கம் வரை பொதுவாகப் போதும். அமுக்கம் அதற்கு மேல் நன்றாக ஏறினால் திருத்தக் காரணி சேர்க்க வேண்டும், அது வேறு பாடம்.

செறிவு, வேகம்

கனவளவு மாறும் கலனில் செறிவைப் பார்த்து நேரடியாக முடிவு செய்யக் கூடாது. தூய தாக்குபொருள், விரிவுக் காரணி 1, நிலையான அமுக்கம், நிலையான வெப்பநிலை என்று எடுங்கள். பாதி மாறியதும் கனவளவு 1.5 மடங்கு. மீதி 0.5 பங்கு மூல் 1.5 மடங்கு இடத்தில் பரவியிருக்கிறது, செறிவு 0.5 ÷ 1.5 = 0.333. செறிவு மூன்றில் ஒன்றாகக் குறைந்ததைப் பார்த்து 67 சதவீதம் முடிந்தது என்று எழுதினால் பிழை, முடிந்தது 50 தான். மிச்சக் குறைவு விரிவினால் வந்த ஐதாக்கம்.

அதனால்தான் தாக்க வீதத்தை மூலில் இருந்து தொடங்கி எழுத வேண்டும்: வீதம் என்பது மூல் குறையும் வேகத்தைக் கனவளவால் வகுத்தது. இதில் ஒரு அழகான விடயம் உண்டு. முதலாம் வரிசைத் தாக்கமாக (வீதம் செறிவுக்கு நேர்விகிதமாக) இருந்தால் இரு பக்கமும் கனவளவு வந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். வெப்பநிலை மாறாத வரை, மாறிய பங்குக்கும் நேரத்துக்குமான வரைபு, கலன் விரிந்தாலும் விரியாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டாம் வரிசைக்கு (வீதம் செறிவின் வர்க்கத்துக்கு நேர்விகிதம்) அந்தச் சலுகை இல்லை. மேலே சொன்ன அதே நிலையில், நிலையான கனவளவில் மூல் குறைந்திருக்கக்கூடிய வேகத்தை 1.5 ஆல் வகுக்க வேண்டும்.

எவ்வளவு நிரப்பலாம்?

கணக்கெல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. திரவக் கலனைப் பொதுவாக 70 முதல் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. நுரைக்கிற சரக்கு என்றால் இன்னும் குறைவாக. அந்த 80 சதவீதம், சூடான நிலையில் இருக்க வேண்டிய மட்டம். ஆகவே கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். 500 லீற்றர் கலன், 90 பாகை வரை சூடாக்கப் போகிறீர்கள், தண்ணீரை ஒத்த கரைசல். சூட்டில் அதிகபட்சம் 400 லீற்றர். 400 × 0.9653 = 386 கிலோ. 20 பாகையில் அது 387 லீற்றர். நிறுத்து 386 கிலோ போடுங்கள், மட்டம் பார்த்து 400 வரை ஊற்றாதீர்கள். இடையில் சேர்க்கப் போகும் பொருள் ஏதும் இருந்தால், அதன் திணிவையும் இந்த 386க்குள்ளேயே அடக்கிக்கொள்ளுங்கள்.

திரவத்தால் விளிம்பு வரை நிரம்பிய கலனை மூடிச் சூடாக்குவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. விரிய இடமில்லாத தண்ணீர், அசையாத சுவருக்குள், அறை வெப்பநிலையிலேயே ஒரு பாகை சூடாவதற்கு 4 பாருக்கு மேல் அமுக்கத்தை ஏற்றும். பத்து பாகையில் கலன் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்வெளி விடுவதும், சேஃப்டி வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பேட்சுக்கும் முன் பார்ப்பதும் இதற்காகத்தான்.

கொதிக்க வைக்கிறவர்கள் இன்னொரு எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். திறந்த கலனில் 98 பாகையில் வைத்துச் செய்யச் சொல்லும் குறிப்பை அங்கே அப்படியே பின்பற்ற முடியாது. கலவை அந்த வெப்பநிலைக்கு ஏறாது, தாக்கம் மெதுவாகும், நேரத்தைக் கூட்ட வேண்டிவரும். நேரம் கூடினால் ஆவியாகிப் போகும் தண்ணீரும் கூடும். முடிவில் கலனை நிறுத்து, போன அளவை முதல் சூத்திரத்தில் கழித்துவிடுங்கள். போகும் ஆவிக்கு இடமும் அதிகம் வேண்டும்: ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1670 லீற்றர், நுவரெலியாவில் ஏறக்குறைய 2060 லீற்றர். கொழும்பில் அளவெடுத்துச் செய்த ஆவி வெளியேறும் குழாயையும், ஆவியைத் திரும்பத் திரவமாக்கும் ஒடுக்கியையும் அப்படியே மேலே கொண்டுவந்து பூட்டுகிறீர்கள் என்றால், நிமிடத்துக்கு அதே கிலோ ஆவிக்குக் குழாய்க்குள் வேகம் ஏறக்குறைய 23 சதவீதம் கூடும் என்பதை வைத்து விட்டத்தை மறுபடி பாருங்கள்.